முப்பதில் வந்த வண்டி

வலது தோள்பட்டை விடியும்போதே பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கினால் கழுத்து வரைக்கும் கம்பி போட்டு இழுப்பது போல இருந்தது. முந்தின நாள் முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து ஸ்பேனர் பிடித்த வலி. கண்ணையன் எண்ணெய்கூடத் தடவிக்கொள்ளாமல் ஷெட்டுக்கு வந்துவிட்டான். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஷெட்டிலும் கொள்ளவில்லை. அரத்தை எடுத்தான், வைத்தான். வெளியே போய் கே.ஜி.கண்டிகை பஸ் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். மறுபடியும் அதே அரத்தை எடுத்தான்.

ஷெட்டின் நடுவில் நாலு சக்கரத்தில் ஒரு எலும்புக்கூடு நின்றது. இரும்பு பைப்புகளைக் கோத்துக் கட்டிய கார். கூரை இல்லை, கதவு இல்லை. ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் திலீப், நீங்களே கட்டிக்கொள்ளலாம் என்று யாரோ கோயம்புத்தூரிலிருந்து விற்ற பைப் செட்டை வாங்கி வந்து மாமன் ஷெட்டில் இறக்கினான். என்ஜினும் ஸ்டீயரிங்கும் காயலாங்கடையில் உடைத்த ஒரு பழைய சின்னக் காரிலிருந்து வந்தவை. ரோட்டில் ஓட்ட முடியாது. தண்ணி வற்றிய ஏரிக்குள் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். ஓட்டப்போவது திலீப் இல்லை, அவன் அப்பன் பஞ்சாட்சரம். "எங்க நைனா ஸ்டேரிங் புடிச்சி ரெண்டு வருசம் ஆவுது மாமா. அவருதான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனான்.

இன்று சனிக்கிழமை. ஸ்டீயரிங் தண்டை அளவுக்கு வெட்டி மாட்டுவது மட்டும்தான் பாக்கி.

தண்டு மேஜைமேல் கிடந்தது. கண்ணையன் அதைப் பார்க்காமல் வேலை செய்யப் பார்த்தான். முடியவில்லை. நேற்று மத்தியானம் அதன் தலையில் மரச்சுத்தியால் லேசாகத் தட்டினான். தண்டு தனக்குள்ளேயே ஒரு விரல் இறங்கியது. இழுத்தான், வந்தது. தள்ளினான், போனது. கீழ்த்தண்டு மேல்தண்டுக்குள் நுழைகிற மாதிரி செய்து, நடுவில் சின்ன பிளாஸ்டிக் ஆணிகளால் நிறுத்தியிருந்தார்கள். ஆணி தேய்ந்து போயிருந்தது. இரும்பில் முப்பது வருஷம் கை வைத்தவன் அவன். யாரும் காரணமில்லாமல் ஒரு தண்டைக் குட்டையாகிற மாதிரி செய்யமாட்டார்கள் என்று கைக்குத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் திலீப் எழுதி வைத்துவிட்டுப் போன காகிதத்தைப் படித்தான். படித்ததும் தண்டை மேஜைமேல் வைத்தவன் அப்புறம் அதைத் தொடவில்லை.

கண்ணையன் கார் மெக்கானிக் இல்லை. விசைத்தறி மெக்கானிக். தறிக்காரனுக்கு ஒரே எதிரி ஆட்டம். தண்டில் நூலளவு ஆட்டம் இருந்தால் துணியில் கோடு விழும், ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா பறந்துபோய் யாராவது ஒருவர் நெற்றியைக் கிழிக்கும். ஆட்டம் கண்டால் தண்டைத் தாங்கும் புஷ்ஷை மாற்றுவான். மாற்ற முடியாவிட்டால் சுற்றி ஒரு வெல்டிங் ஓட்டிவிடுவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாட்சரம் நூல் வண்டியை இதே ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மையார்குப்பத்தில் நாற்பது தறி வைத்திருக்கும் வெங்கடேசனுக்காக அவர் நூல் ஏற்றி ஓட்டிய வண்டி. ஸ்டீயரிங் கடகடவென்று ஆடுகிறது என்றார். கண்ணையன் குனிந்து பார்த்தான். தண்டு நடுவில் ஆட்டம். சுற்றி வெல்டிங் ஓட்டினான். ஆட்டம் போச்சு. காசுகூட வாங்கவில்லை, அக்கா புருஷன், அவனுக்குப் பாவா.

எட்டாம் நாள் பள்ளிப்பட்டு ரோட்டில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. பஞ்சாட்சரம் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். வண்டி புளியமரத்தில் மோதியது. விலா எலும்பு மூன்றும் நடு நெஞ்செலும்பும் முறிந்தன. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "முப்பதுலதான் வந்தேன்."

யாரும் நம்பவில்லை. "முப்பதுல வந்தவனுக்கு நெஞ்செலும்பு எப்பிடிய்யா ஒடையும்? எம்பதுல பறந்திருக்கான்" என்றார் வெங்கடேசன். வேலை போனது. மற்ற தறி முதலாளிகளும் சாவி கொடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவர் இப்போது கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். டீக்கடையில் அவருக்குப் பெயரே முப்பது என்று ஆகிவிட்டது. "முப்பதுக்கு ஒரு டீ போடு."

கண்ணையன் அன்று நசுங்கிய வண்டியைப் போய்ப் பார்த்தான். முன்பக்கம் உள்ளே அமுங்கி இருந்தது. ஸ்டீயரிங் தண்டு மட்டும் வளையாமல் ஈட்டி மாதிரி சீட்டை நோக்கி நின்றது. "பாத்தியா, வண்டியே போச்சு, நம்ம வெல்டு வுடல" என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னான். அந்தப் பேச்சு நேற்றிலிருந்து அவன் காதிலேயே இருந்தது.

ஒன்பது மணிக்குப் பஞ்சாட்சரம் வந்தார். மண்டபத்தில் ராத்திரி முழித்த கண். சட்டை மட்டும் புதுசு.

"இன்னா மச்சான், புது சட்ட போட்டுக்கினு வந்தா தேர் ஓட்டலாம்னு பாத்தா இன்னும் தேருக்குக் கொம்பே வெக்கல?"

"அளவு எடுக்கணும் பாவா. ஏறி ஒக்காருங்க. முதுக நல்லா சாச்சிக்குங்க."

அவர் பைப்பைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். கண்ணையன் தண்டை வெறுமனே அதன் இடத்தில் நுழைத்து, ஸ்டீயரிங் வட்டத்தை மாட்டிப் பிடித்துக்கொண்டான். பஞ்சாட்சரம் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மாதிரி.

"கைய வைங்க பாவா."

"வெக்கறேன்டா. சூடா கீதான்னு பாக்கறேன்."

வைத்தார். வட்டம் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டதைக் கண்ணையன் பார்த்தான்.

"கிட்ட கீது இல்ல?"

"ஆங். கொஞ்சம் கிட்டதான்."

"ஒன்ற சாணு வேணும். ஆறு விரக்கட வெட்டணும்."

"வெட்டு. எனக்கு இன்னா, என் நெஞ்சயா வெட்டற?" என்று சிரித்தார். கண்ணையன் சிரிக்கவில்லை. தண்டை உருவிக்கொண்டு மேஜைக்குப் போனான்.

வெட்ட வேண்டியது கீழே, கெட்டித்தண்டு ஓடும் இடத்தில். சாக்பீஸால் இரண்டு கோடு போட்டான். போட்டதை அழித்துவிட்டு மறுபடி அளந்தான். அளந்ததையே மூன்றாவது தடவையும் அளந்தான். ஒரு தண்டுதான் இருக்கிறது. ஹாக்சாவை வைத்து இழுத்தான். தோள் ஒவ்வொரு இழுப்புக்கும் குத்தியது. ஆறு விரல் துண்டு தரையில் விழுந்து உருண்டது. இரண்டு முனையையும் அரத்தில் சாய்த்து, லேத்தில் கடைந்து வைத்திருந்த குழாய்க்குள் நேர் பார்த்துச் செருகினான். தண்டின் இரண்டு கோடியிலும் உள்ள பற்கள் ஒரே கோட்டில் வரவேண்டும். ஒரு பல் தவறினாலும் நேராகப் போகும்போது வட்டம் கோணலாக நிற்கும்.

இந்த இடத்தில் வெல்டிங் வைக்கலாம். வைத்தான். மேலே ஒரு சாண் தள்ளி, அந்த வழுக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. வெல்டிங் ராடைக் கீழே போட்டான்.

ஆறியதும் பஞ்சாட்சரம் தண்டை எடுத்து வேஸ்ட் துணியால் துடைத்தார். சும்மா இருக்கத் தெரியாத ஆள். துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"மச்சான், இன்னாடா இது? நடுவுல ஆட்டம் குடுக்குது. உள்ள போயிப் போயி வருது."

"ஆங்."

"இன்னா ஆங்? இங்கயும் ஒரு வெல்ட ஓட்டிவுடு. அன்னிக்கு நூல் வண்டிக்கு ஓட்டின இல்ல? சும்மா சொல்லக்கூடாதுடா, கல்லு மாதிரி இருந்திச்சி. விரலால தொட்டா வண்டி திரும்பும். அந்த எட்டு நாளு நான் ஓட்டின மாதிரி எப்பவும் ஓட்டல."

கண்ணையன் வெளியே போனான். வாசலில் நின்றான். திரும்பி வந்தான்.

"அங்க ஓட்டக் கூடாது பாவா."

"ஏன்?"

காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். வாயால் சொல்ல வராமல்தான் கொடுத்தான். பஞ்சாட்சரம் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். வெளிச்சத்துக்குப் போய் உதடு அசையப் படித்தார்.

"மாமா, இந்த நடு ஜாயின்ட்டுல வெட்டாதீங்க, வெல்டு வைக்காதீங்க. வண்டி எதுலயாவது மோதினா தண்டு இங்க உள்ள போயி குட்டையாகணும். இல்லன்னா ஸ்டீயரிங் நேரா நெஞ்சுல இடிக்கும். பிளாஸ்டிக் ஆணி மட்டும் போடுங்க. திலீப்."

'நேரா நெஞ்சுல' என்ற இடத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை படித்தார். அவர் கை தானாகச் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் போனது.

"நூல் வண்டியிலயும் இப்பிடித்தான் இருந்திச்சா?"

"ஆங் பாவா."

"நீ அத மூடிட்ட."

"மூடிட்டேன். ஆட்டம்னு நெனச்சேன். தறித் தண்டுன்னு நெனச்சி..." அதற்கு மேல் வரவில்லை. "நேத்துதான் தெரிஞ்சிது."

"நேத்தா?" பஞ்சாட்சரம் திரும்பினார். "நேத்து சாயங்காலம் டீக்கடையில ஒண்ணாதான ஒக்காந்துகினு இருந்தோம்? வடைய பிச்சி பாதி குடுத்த."

"ஆங்."

"வடைய குடுக்கத் தெரிஞ்சிது."

ரோட்டில் ஒரு லாரி போனது. கண்ணையன் திட்டுக்குக் காத்திருந்தான். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவர் திட்டவில்லை. காரின் பைப்பில் சாய்ந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லு. தண்டு உள்ள போவ வழி இல்லன்னா, முப்பதுல மோதினா எலும்பு ஒடையுமா?"

"ஒடையும் பாவா. இருபத்தஞ்சிலயே ஒடையும்."

"அப்போ நான் முப்பதுலதான் வந்திருக்கேன்."

கண்ணையன் தலையாட்டினான்.

"எனக்கே சந்தேகம் வந்திடிச்சிடா," என்றார் பஞ்சாட்சரம். "ஊரே சொல்லுது. ஒங்க அக்கா சொல்றா. ஸ்பீடு முள்ளு முப்பதுல நின்னத நான் பாத்தனா, இல்ல பாத்த மாதிரி நெனச்சிக்கினனான்னு ஆயிப்போச்சி. மண்டபத்துல தனியா ஒக்காந்துகினு அந்த முள்ளையே நெனச்சிக்கினு இருப்பேன். சில நாளு எம்பதுல கூட நிக்கும்." காகிதத்தை நாலாக மடித்தார். "எலும்பு கூடிடிச்சி. அத வுடு. நீ வெங்கடேசங்கிட்ட சொல்லு. டீக்கடையில நாலு பேர வெச்சிக்கினு சொல்லு. அது போதும் எனக்கு."

வெங்கடேசனின் நாற்பது தறிதான் கண்ணையன் வீட்டு உலை. என் வண்டியில் தப்பாக வெல்டிங் வைத்தது நீதானா என்று அவர் ஒரு தடவை கேட்டால் அம்மையார்குப்பத்தில் எந்தத் தறியிலும் அவனைக் கை வைக்க விடமாட்டார்கள். இது பஞ்சாட்சரத்துக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

வேலையைச் செய்தார்கள். அதையாவது செய்ய வேண்டியிருந்தது. பழைய தறியிலிருந்து கழற்றிப் போட்ட நைலான் கட்டை ஒன்று மூலையில் கிடந்தது. அதைச் சீவி நாலு சின்ன ஆணி செய்தான். இடித்தால் ஒடியும் அளவுக்கு மெல்லியது, கையால் இழுத்தால் ஒடியாத அளவுக்குக் கெட்டி. தட்டி இறக்கினான். ஆட்டம் நின்றது. தண்டைச் சுற்றி வரும் வெளிக்குழாயையும் ஆறு விரல் குறைத்தான். தண்டை மாட்டி, தாங்கும் பட்டையைக் கீழே இறக்கி போல்ட் போட்டான். தண்டை மூடும் கறுப்பு பிளாஸ்டிக் உறை நீளமாக நின்றது. அதையும் பிளேடால் அறுத்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்தான். தேய்த்தது போதும் என்று தெரிந்தும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில் பைக் வந்து நின்றது. வெங்கடேசன். இறங்கவில்லை, காலை ஊன்றிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"கண்ணையா! நாலு தறி நிக்குது. போன் அடிச்சா எடுக்க மாட்டன்ற. திருத்தணிக்கு வந்தவன், நேரா பாத்துட்டே போலாம்னு வந்தேன்." பிறகுதான் உள்ளே மற்றவரைப் பார்த்தார். "அட, முப்பதும் இங்கதான் கீதா? இன்னாய்யா, ராக்கெட்டு ரெடியா? இதுக்கு முள்ளு வெச்சிருக்கா, இல்ல அதுவும் நீயே சொல்லிக்கிறதா?"

பஞ்சாட்சரம் அவரைப் பார்க்கவில்லை. கண்ணையனைப் பார்த்தார்.

"மொதலாளி," என்றான் கண்ணையன்.

"சொல்லு."

வெங்கடேசன் பைக்கின் ஆக்சிலேட்டரைச் சும்மா முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயங்க..."

"இன்னா விஷயம், சீக்கிரம் சொல்லு. வெயிலு ஏறுது."

"பெல்ட்டுங்களா, மோட்டாருங்களா?"

"வந்து பாத்தாதான தெரியும்? ஏறு."

"மூணு மணிக்கு வரேங்க. இத முடிச்சிட்டு."

வெங்கடேசன் போய்விட்டார். பஞ்சாட்சரம் பிளாஸ்டிக் உறையை வாங்கி அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். சரியாகப் பொருந்தியது.

"பெல்ட்டா மோட்டாரா," என்றார். "நல்லா கேட்ட."

ஒரு மணிக்கு அம்சா சோறு கொண்டுவந்தாள். கண்ணையனுக்கு நேர் மூத்த அக்கா, பஞ்சாட்சரத்தின் மனைவி. தூக்குச்சட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் காரைச் சுற்றி வந்தாள்.

"டேய், இன்னாடா இது, கட்டில திருப்பிப் போட்ட மாதிரி கீது? இதுலயா நாளைக்கு இந்த மனுசன் ஏறப்போறாரு? யோவ், ஏரில எரும மேயும், பாத்துக்கோ. அப்புறம் முப்பதுல வந்தேன் நாப்பதுல வந்தேன்னு எங்கிட்ட வராத."

"அக்கா," என்றான் கண்ணையன். இந்தத் தடவை நிற்காமல் வந்தது. "பாவா முப்பதுலதான் வந்தாரு. நெஞ்ச ஒடச்சது நான் வெச்ச வெல்டு. அந்தத் தண்டு மோதினா உள்ள போவணும். நான் அத ஒட்ட வெச்சிட்டேன்."

அம்சா சாம்பார்க் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, இத நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எத?"

"முப்பதுலதான் வந்தேன்னு."

"ரெண்டு வருசமா வேற இன்னாடி சொல்லிக்கினு கீறேன்?"

அவள் உட்கார்ந்தாள். சோற்றைப் போட்டாள். புருஷன் தட்டில் மட்டும் போட்டாள். தம்பி தட்டைத் தொடவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னாடா ஆவப்போவுது? எங்கிட்ட வேல செஞ்சி வேல போச்சா அவருக்கு?" என்றாள். குரல் ஏறவில்லை. "அங்க போயி சொல்லு."

"மூணு மணிக்கு அங்கதான் போறேன்."

"போ. சொல்லிட்டு வந்து சோறு துன்னு."

மூன்று மணிக்குப் போனான். வழியெல்லாம் அந்த வார்த்தைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனான். ஆர்.கே.பேட்டை தாண்டும்போது சத்தமாகக்கூடச் சொல்லிப் பார்த்தான். தறிக்கூடத்தில் முப்பத்தாறு தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். சத்தம் நின்றதும் சொல்லலாம் என்று நினைத்தான். நாலு தறியையும் சரி பண்ணினான். மோட்டார்தான், பெல்ட் இல்லை. வெங்கடேசன் வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே சத்தம் இல்லை. தறிக்காரர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பஞ்சாட்சரம் கேட்டது இதே மாதிரி ஒரு இடத்தைத்தான். வெங்கடேசன், அடுத்த மாதம் இன்னும் பத்துத் தறி இறக்கப்போவதாகவும் அதையும் கண்ணையனே மாட்ட வேண்டும் என்றும் சொன்னார். கண்ணையன் சரிங்க என்றான். டீயைக் குடித்தான். கிளாஸைக் கழுவி வைத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பஞ்சாட்சரம் காரில் உட்கார்ந்திருந்தார். வட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் திரும்பியது. நெஞ்சுக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் இருந்தது.

"நல்லா செஞ்சிருக்கடா. பல்லு கூட மாறாம நிக்குது," என்றார். பிறகு, "சொன்னியா?"

"இல்ல பாவா."

அவர் வட்டத்தை நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். பைப்பைப் பிடித்து, ஒரு காலாக இறங்கினார். நெஞ்சைக் கையால் தாங்கிக்கொண்டுதான் இறங்கினார். புதுச்சட்டையில் கிரீஸ் பட்டிருந்தது, அதைப் பார்த்தார்.

"திலீப்பு காலைல வருவான். அவனையே ஓட்டச் சொல்லு. நீ சொல்ற அன்னிக்கு நான் ஓட்டறேன்."

"பாவா, நாளைக்கு நான்..."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. தறிக்கூடம் லீவு. வெங்கடேசன் வீட்லதான் இருப்பான்."

அதைச் சொல்லிவிட்டு மண்டபத்துக்கு நடந்தார். கண்ணையன் ஷெட்டு நடுவில் நின்றான். வேலை எதுவும் மிச்சமில்லை. போல்ட் எல்லாம் இறுக்கியாகிவிட்டது, இருந்தாலும் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி இறுக்கிப் பார்த்தான். தோள் வலித்தது. பஞ்சாட்சரம் சொன்னது உண்மை, எலும்பை உடைத்தது என் வெல்டிங் என்று வெங்கடேசனிடம் நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் கடனை அவன் இன்னும் கட்டவில்லை.